எங்கட ஒழுங்கைக் காசு 184,000 ரூபா என்ர பேரில கிடக்கு, என்ன செய்யிறது?

கொட்டாஞ்சேனை13:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீட்டாத்தான் எழுதப்போறன், பொறுமையா வாசிச்சு தெரிஞ்ச ஆக்கள் ஒரு வழி சொல்லுங்கோ.

2022ல கொழும்பில சமைக்கிற காஸும் இல்லாம மண்ணெண்ணெயும் இல்லாம எல்லாரும் அந்தரப்பட்ட நேரம் எங்கட ஒழுங்கையில நாலு வீட்டுப் பொம்பிளையள் சேர்ந்து என்ர வீட்டுப் பின்பக்கம் மூண்டு கல்லு வச்சு விறகில சமைச்சனாங்கள், ஒரு வீடு அரிசி, ஒரு வீடு பருப்பு, ஒரு வீடு தேங்காய், விறகுக்கு ஒரு வீட்டுப் பழைய கதவை உடைச்சது. அப்பிடித் தொடங்கினதுதான் இது. அந்த ஆனி மாசம் "இனி மாசம் ஆளுக்கு 500 ரூபா போடுவம், ஆருக்கு அவசரமோ அவைக்கு எடுத்துக் குடுப்பம்" எண்டு கதைச்சு, இப்ப 23 குடும்பம். தமிழ், முஸ்லிம், சிங்களம் எல்லாரும் இருக்கினம். போன மாசத்தோட 30 மாசம். பிந்திக் குடுத்த ஆக்கள் இருக்கினம், ஆனா குடுக்காம விட்ட ஆள் ஒருத்தரும் இல்லை.

காசு கொண்டு வந்து தந்தா சி.ஆர். கொப்பியில எழுதி அவையிட்டயே கையெழுத்தும் வாங்கிப்போட்டு ஒரு மைலோ டின்னுக்க வைப்பன், மாச முடிவில என்ர பாங்க் கணக்கில போட்டுவிடுவன். இதுவரைக்கும் சேர்ந்தது 345,000. குடுத்தது 161,000, அதில ஒரு செத்தவீடு, ரெண்டு பிள்ளையளுக்கு கண்ணாடி, மழைக்கு ஒழுகின ஒரு வீட்டுக்கு தகரம், மிச்சமெல்லாம் மருந்துதான். இப்ப கையில 184,000.

தொகை சின்னனா இருக்கும்வரைக்கும் ஒரு கதையும் இல்லை. இப்ப கதை வருது. ஒரு பக்கம் இதை வட்டிக்குக் குடுத்தாப் பெருகும் எண்டினம். இன்னொரு பக்கம் தை மாசம் பள்ளிக்கூடம் தொடங்க எல்லாப் பிள்ளையளுக்கும் கொப்பி வாங்கிக் குடுப்பம் எண்டினம். பெரிய பிரச்சினை வேற. ஒழுங்கை முடிவில ஒரு ஆச்சி பேத்தியோட இருக்கிறா, விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவிச்சு கடையளுக்குக் குடுக்கிறவ. அவவை நாங்கள் சேர்க்கேல்ல, அவவிட்ட எங்க 500 ரூபா எண்டு நாங்களே நினைச்சு கேக்காம விட்டிட்டம். இப்ப அவவுக்கு கண்ணில புரை. ஒப்பரேசன் கவுண்மென்ட் ஆஸ்பத்திரியில சும்மாதான், ஆனா லென்ஸை வெளியில வாங்கிக்கொண்டு வரச்சொல்லி துண்டு குடுத்திருக்கினம், 32,000 ரூபா. குடுக்கோணும் எண்டு நான் சொல்ல, "காசு போடாத ஆளுக்குக் குடுத்தா நாங்கள் ஏன் போடுறம்" எண்டு மூண்டு வீடு நிக்குது. அவையும் கெட்ட சனம் இல்லை, தாங்களும் கஷ்டப்பட்டுத்தான் போடுகினம்.

ஒண்டை ஒளிக்காமச் சொல்லோணும். ஆவணி மாசம் ஒரு வீட்டில இரவு 11 மணிக்கு நெஞ்சுவலி எண்டு ஓடி வந்தினம், நான் ஆரையும் கேக்காம 40,000 எடுத்துக் குடுத்திட்டன். அடுத்தநாள் குரூப்பில சொன்னனான்தான். ஆனா அதுக்குப் பிறகுதான் ஒராள் வட்ஸ்அப்பில "அக்கா, காசு உங்கட கணக்கில கிடந்தா வட்டி ஆருக்கு?" எண்டு கேட்டவ. கேள்வி நியாயமானது. ஆனா அண்டு முழுக்க எனக்கு நித்திரை இல்லை. வட்டி எவ்வளவு எண்டு நான் ஒருநாளும் பிரிச்சுப் பாக்கவே இல்லை, அதுதான் உண்மை.

வாற ஞாயிறு கூட்டம் வச்சிருக்கிறன். என்ன சொல்லலாம்?

வெள்ளவத்தை_ஓய்வுகாலம்:

பிள்ளை, முதல்ல அழுகையை விடும். கொப்பியில ஆக்களிட்ட கையெழுத்து வாங்கி வச்சிருக்கிறீர் பாரும், அது பெரிய வேலை. நான் 34 வருசம் பாங்கில இருந்தனான், பெரிய பெரிய சங்கங்களிட்டயே அது இல்லாம வந்து நிண்டதைக் கண்டிருக்கிறன்.

ஆனா காசு உம்மட தனிக் கணக்கில கிடக்கிறது பிழைதான். நம்பிக்கையைப் பற்றி நான் கதைக்கேல்ல. நாளைக்கு உமக்கு ஒண்டு நடந்தா அந்தக் காசு பாங்குக்கு உம்மட சொந்தக் காசாத்தான் தெரியும், உம்மட மனுசனும் பிள்ளையளும் விரும்பாட்டி ஒழுங்கைக்குத் திரும்புறது கஷ்டம். 23 வீட்டுக் காசை அந்த நிலையில விடக்கூடாது. மூண்டு பேர் பேரில கணக்கைத் திறவுங்கோ, அதில எந்த ரெண்டு பேர் கையெழுத்து வச்சாலும் எடுக்கலாம் எண்டு எழுதிக் குடுங்கோ. மூண்டு பேரும் ஒரே வீடா, ஒரே சொந்தமா இருக்கக்கூடாது. ஒருத்தர் சிங்கள வீட்டில இருந்து, ஒருத்தர் முஸ்லிம் வீட்டில இருந்து வந்தா இன்னும் நல்லம். சங்கத்தின்ர பேரிலதான் திறக்கோணும் எண்டா பாங்க் கேக்கிறது யாப்பு, அதாவது சங்கத்தின்ர விதிகளை எழுதின தாள், கூட்டக் குறிப்பு, ஆர் ஆர் கையெழுத்து வைப்பினம் எண்ட தீர்மானம், அவையின்ர அடையாள அட்டை. யாப்பு எண்டவுடன பயப்பிடாதேயும், ரெண்டு பக்கம் போதும். பதியிறதுக்கும் வழி இருக்கு, 1891 சங்கங்கள் கட்டளைச் சட்டம் இருக்கு, சமூகசேவை அமைப்புகளுக்கு 1980ஆம் ஆண்டு 31ஆம் இலக்கச் சட்டமும் இருக்கு, ஆனா அது பிறகு பாக்கிற வேலை. முதல் வேலை காசை உம்மட பேரில இருந்து எடுக்கிறது.

வட்டிக்குக் குடுக்கிற கதையை ஞாயிற்றுக்கிழமையே முடிச்சுவிடும். கடன் குடுக்கிறது வேற தொழில். எங்கட நாட்டில சிக்கன கடனுதவுச் சங்கங்கள் 1906ல கண்டிப் பக்கம் மெனிக்ஹின்னையில தொடங்கினது, அந்த வேரில இருந்துதான் 1978க்குப் பிறகு சனச இயக்கம் திரும்ப எழும்பினது. அவைக்கு அங்கத்தவர் சேமிப்பு, பிணை, தவணை, கணக்காய்வு எண்டு ஒரு முழு ஒழுங்கு இருக்கு. உங்களிட்ட இருக்கிறது ஒரு கொப்பியும் ஒரு டின்னும். அந்த 40,000 எடுத்த வீட்டிட்ட நாளைக்கு வட்டி கேக்க உமக்கு வாய் வருமோ? பக்கத்து வீட்டுக்காரி கடன்காரியா மாறினா ஒழுங்கையில முகம் பாத்துக் கதைக்கேலாது.

இன்னொண்டு, காசை நெடுகச் சேர்த்து வச்சிருக்கிறதும் நல்லதில்லை. 2022 செப்டெம்பர்ல கொழும்பில சாப்பாட்டுச் சாமான் விலை முந்தின வருசத்தை விட 94.9 வீதம் கூடிப்போச்சு. அந்த நேரம் "அவசரத்துக்கு" எண்டு பூட்டி வச்சிருந்த ஒரு சங்கம் அரிசி மூட்டை வாங்கப் போக, நினைச்சதில பாதிதான் வந்தது. ஆறு மாசத்துச் சேர்ப்பு அளவு, உங்களுக்கு அது 69,000, அதைக் கைவைக்காம வச்சுக்கொண்டு மிச்சத்தைப் பாவியுங்கோ.

தெமட்டகொட_உம்மா:

அக்கா, நீங்க செஞ்ச வேலை பெரிய வேலை, அத முதல்ல சொல்லணும்.

எங்கட பள்ளிவாசல்ல பைத்துல்மால் கமிட்டி ஈக்கி, ஏழைகளுக்கு காசு சேத்துக் குடுக்குற கமிட்டி, என்ட மாப்புள அதுல பத்து வருசத்துக்கு மேல. அங்கயும் சண்ட வரும், ஆனா யாருக்கு குடுக்குற எண்ட சண்ட கொறவு, ஏனெண்டா ஸகாத், கட்டாயம் குடுக்க வேண்டிய தர்மக் காசு, எட்டு கூட்டத்தாருக்குத்தான் எண்டு குர்ஆன்லயே சொல்லி முடிஞ்சிட்டு, நாங்க புதுசா யோசிக்க ஒண்டுமில்ல. ஸதகா, விரும்பிக் குடுக்குற காசு, வேற, அத யாருக்கும் குடுக்கலாம், எந்த மதமா இருந்தாலும். ரெண்டையும் ஒருநாளும் கலக்க மாட்டம், வேற வேற கொப்பி, வேற வேற கணக்கு. நீங்களும் அப்புடிச் செய்யலாமே. 500ல 400 போடுற ஆக்களுக்கு, 100 வெளியாக்களுக்கு. 23 வீட்டுக்கு மாசம் 2,300 வரும், ஒரு வருசத்துல 27,600. மூணு வீட்டுக்காரரும் அப்ப ஒண்டும் சொல்ல ஏலாது, ஏனெண்டா எதுக்கு எவ்வளவு எண்டு முன்னுக்கே அவங்களும் சேந்து முடிவு செஞ்சது.

எப்புடிக் குடுக்குற எண்டதும் யோசிங்க. நாங்க ராத்திரி இஷா தொழுகைக்குப் பொறகு ஒரு பொம்புளயும் அவட மகனுமாப் போவம், சாமான் கடைல வாங்கின பேக்லயே ஈக்கும், பாக்குற ஆளுக்கு யாரோ கடைக்குப் போய் வார மாதிரி. படம் எடுக்க மாட்டம். முந்தி ஒருக்கா ஒரு இடத்துல அரிசி குடுத்துட்டு படம் எடுத்து பேஸ்புக்ல போட்டாங்க, அந்தப் படத்துல நிண்ட புள்ள அடுத்த கெழம ஸ்கூலுக்குப் போகல்ல. அத நினைச்சா எனக்கு இப்பயும் நெஞ்சு அடைக்கும்.

2016 மே மாசம் களனி கங்க பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவ எல்லாம் தண்ணிக்குள்ள போன நேரம் எங்கட ஒழுங்கைல பெரிய சட்டில சோறாக்கி லன்ச் ஷீட்ல சுத்தி வள்ளத்துல அனுப்பினம். யாரு பணம் போட்ட, யாரு போடல்ல எண்டு யாரும் கேக்கல்ல. அடுத்த நோம்புக்கு அந்தப் பக்கத்துல இருந்து ஒரு சிங்கள நோநா வந்து 200 ரூபா தந்துட்டுப் போனா, பள்ளிக்கு இல்ல, "அந்தச் சோத்துக் காசுக்கு" எண்டு சொல்லி. அதே வருசந்தான் மகரகம கேன்சர் ஆஸ்பத்திரிக்கு பெட் ஸ்கேன் மெஷின் வாங்க 20 கோடி சேத்த, அரசாங்கம் குடுக்கல்ல, சனம் குடுத்த காசு, ஸ்கூல் புள்ளைகள் உண்டியல் ஒடச்சிக் கொண்டு வந்து தந்த. அந்தக் காசால உசிரு பொழைக்கிற ஆளு எவ்வளவு போட்டான் எண்டு யாரு கேப்பா. அந்த ஆச்சிக்கு குடுங்க அக்கா.

மட்டக்குளி_தம்பி:

அக்கா நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஆச்சிக்கு சும்மா குடுக்காதீங்க. முதல்ல அவங்ககிட்ட காசு வாங்குங்க.

ஏன் சொல்றேன்னா, நான் வளந்தது ஒரு தோட்டத்துல, இங்க கொழும்புல சொல்ற தோட்டம், ஒரே முடுக்குல நாப்பது வீடு, ஒரு பைப்பு. எங்க தோட்டத்துல மரணாதார சங்கம் இருக்கு, சாவு வீட்டுக்கு உதவுற சங்கம், நான் சின்னப் புள்ளையா இருக்கும்போது மாசம் 20 ரூபா, இப்ப 200. எங்கப்பா ஆஸ்பத்திரில இறந்த அன்னைக்கு நான் கையெழுத்து போட்டு பொடிய எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வர்றதுக்குள்ள வாசல்ல கம்பு நட்டு டென்ட் கட்டியாச்சு, கதிரை வந்துருச்சு, வெள்ளைக்கொடி முடுக்கு முனை வரைக்கும் கட்டிட்டாங்க. அந்தக் கதிரைக்குப் பின்னாடி சிவப்பு பெயின்ட்ல சங்கத்துப் பேரு எழுதியிருக்கும். அந்த மூணு நாளும் எங்கம்மா யார்கிட்டயும் கை நீட்டல. அது தானமா வந்திருந்தா எங்கம்மா தலை குனிஞ்சு உக்காந்திருப்பாங்க, எனக்கு தெரியும். அது அப்பா இருபது வருசமா கட்டின காசு, அதனால அவங்க நிமிந்து உக்காந்து அழுதாங்க.

அதே சங்கத்துல இன்னொன்னும் நடந்துச்சு. மூணு மாசம் கட்டலைன்னா உதவி இல்லைன்னு ரூல். ஒரு வீட்ல வேலை போய் ஏழு மாசம் கட்டல, அந்த வீட்ல சாவு விழுந்துச்சு. தலைவர் கொப்பிய பாத்துட்டு கதிரை குடுக்க முடியாதுன்னுட்டாரு. எங்கம்மா எங்க வீட்டு ரெண்டு கதிரைய தூக்கிட்டு போனாங்க, அத பாத்து எல்லாரும் வீட்ல இருந்து ஆளுக்கொன்னு தூக்கிட்டு வந்துட்டாங்க, ஸ்டூல், பெஞ்சு, தண்ணி ட்ரம்மு கூட கவுத்து போட்டு உக்காந்தாங்க. அடுத்த கூட்டத்துல ரூலை மாத்துனாங்க, முடியாதவங்க 20 ரூபா குடுத்தாலும் அந்த மாசம் கட்டினதா கணக்கு. அந்த 20 ரூபாயும் இல்லன்னா சங்கத்துக்கு ஒரு நாள் வேலை.

அதனால உங்க ஆச்சிகிட்ட போயி "ஏன் ஆச்சி நீங்க சேரல, 50 ரூபா போடுங்க"ன்னு கேளுங்க. ரெண்டரை வருசமா அதே ஒழுங்கைல இருந்துக்கிட்டு எல்லா வீட்டுக்கும் போன கொப்பி தன்னோட வீட்டுக்கு மட்டும் வரலன்னு அவங்களுக்கு தெரியாமலா இருக்கும்? கஷ்டப்பட்டவங்கன்னு நாம இரக்கப்பட்டு விட்டுடறோம், அவங்களுக்கு அது ஒதுக்கி வச்ச மாதிரி இருக்கும்.

தெமட்டகொட அக்கா சொன்ன 400/100 கணக்கு நல்ல கணக்குதான். ஆனா ஆச்சி உங்க ஒழுங்கை ஆளு, வெளியாள் இல்ல. அவங்கள அந்த 100 ரூபா கணக்குல போடாதீங்க.

சீட்டில_இழந்தவள்:

நான் கனக்க எழுதேல்ல. நாங்கள் 15 பேர் மாசம் 10,000 போட்டுக் குலுக்கல் சீட்டுப் பிடிச்சனாங்கள், பிடிச்ச ஆள் எங்களோட ஒரே கோயிலுக்கு வாறவ. ஒன்பதாம் மாசம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போட்டா. எனக்கு இன்னும் சீட்டு விழேல்ல, 90,000 போச்சு, மகளின்ர கம்ப்யூட்டர் கோர்ஸுக்கு எண்டு வச்சிருந்த காசு. பொலிஸுக்குப் போனா எழுத்தில என்ன இருக்கு எண்டு கேட்டினம், எங்களிட்ட ஒண்டும் இல்லை. சீட்டுக்கு 1935லயே கட்டளைச் சட்டம் போட்டிருக்கு, அது கூட எங்களுக்கு பிறகுதான் தெரியும்.

அந்த வட்டிக் கேள்வி கேட்ட பிள்ளையோட கோவிக்காதேங்கோ. எங்கட 15 பேரில ஒராள் அந்தக் கேள்வியை மூண்டாம் மாசம் கேட்டிருந்தா எங்கட காசு தப்பியிருக்கும், எல்லாருக்கும் அவவைக் கேக்க வெக்கமா இருந்தது. மாசா மாசம் கொப்பிப் பக்கத்தையும் பாங்க் மிச்சத்தையும் போனில படம் எடுத்துக் குரூப்பில போடுங்கோ. ஒருத்தரும் கேக்காமலே போடுங்கோ.

ஸ்காபரோவில_இருந்து:

முந்தி கொட்டாஞ்சேனைதான், இப்ப கனடா. வாசிச்சுக்கொண்டு வரேக்க அந்த 32,000ஐ நானே அனுப்பிவிடலாம் எண்டு கை போனது, பிறகு நிப்பாட்டினனான். ஊர்ப் பழைய மாணவர் சங்கத்தில நான் கண்டது, வெளியில இருந்து பெரிய தொகை வரத் தொடங்கினவுடன உள்ளுக்க 100 ரூபா போட்ட சனம் "எங்கட 100 எதுக்கு" எண்டு ஒதுங்கிவிடும், பிறகு முடிவெடுக்கிறது முழுக்க வெளிநாட்டில இருக்கிற நாலு பேர். 2011ல தெவிநுவரையில இருந்து பருத்தித்துறை வரைக்கும் நடந்து தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்த்தவையெல்லோ, அதில பெரிய கொம்பனியளும் குடுத்தது, ஆனா றோட்டுக்கரையில நிண்டு சில்லறை போட்ட சனம் இண்டைக்கும் அந்தக் கட்டடத்தைக் காட்டி "இது நாங்கள் கட்டினது" எண்டுதான் சொல்லும். அதைப் பறிக்கக்கூடாது. விரும்பினா என்னையும் 500 ரூபா ஆளாச் சேருங்கோ, அதுக்கு மேல ஒரு சதமும் வாங்காதேங்கோ.

கொட்டாஞ்சேனை13:

எல்லாருக்கும் நன்றி, ஞாயிறு கூட்டம் முடிஞ்சு இரண்டு நாள் ஆறுதலா யோசிச்சுப்போட்டு எழுதுறன்.

முதல்ல வட்டியைச் சொன்னன். பாங்குக்குப் போய் முழுக் கணக்கும் அடிச்சு எடுத்து, என்ர சொந்தக் காசையும் ஒழுங்கைக் காசையும் பிரிச்சு, வந்த வட்டியில ஒழுங்கைக்குச் சேரவேண்டியது 9,640 ரூபா எண்டு எழுதி, கொப்பியோட நடுவில வச்சன். வட்ஸ்அப்பில கேட்ட பிள்ளையைத்தான் கூட்டிப் பாக்கச் சொன்னனான். அவ போனில மூண்டுதரம் கூட்டிப்போட்டு சரி எண்டா, பிறகு எழும்பி வந்து எனக்குப் பக்கத்தில இருந்தா. மூண்டு மாசத்துக்கு ஒருக்கா கணக்குப் பாக்கிறது இனி அவதான். கையெழுத்துக்கு மூண்டு பேர் தெரிஞ்சாச்சு, அதில நான் ஒராள், மற்ற ரெண்டும் ஒரு சிங்கள அக்காவும் ஒரு முஸ்லிம் அக்காவும். வட்டிக்குக் குடுக்கிறதில்லை எண்டு முடிவு. அந்த 40,000 கதையை நானாத்தான் எடுத்தனான், இனி இரவு பகல் எந்த நேரமும் 15,000 வரைக்கும் ரெண்டு பேர் போனில கதைச்சுக் குடுக்கலாம், அதுக்கு மேல எண்டா குரூப்பில கேக்கோணும். கொப்பி வாங்கிற கதையில இன்னும் இழுபறி, அது கிடக்கட்டும்.

ஆச்சியின்ர கதை வரேக்க மட்டக்குளித் தம்பி எழுதினதை அப்பிடியே வாசிச்சுக் காட்டினன். அந்தக் கதிரைக் கதைக்கு ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்ல. வேண்டாம் எண்டு நிண்ட மூண்டு வீட்டில ஒரு அக்காதான் "அப்ப வா, நாங்கள் போய்க் கேப்பம்" எண்டு எழும்பினவ. பின்னேரம் நாங்கள் ரெண்டு பேரும் போக ஆச்சி மாக் குழைச்சுக்கொண்டு இருந்தவ. சேருறீங்களோ எண்டு கேட்டம், லென்ஸைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல. ஆச்சி கையைத் துடைச்சுக்கொண்டு உள்ளுக்குப் போய் ஒரு சுருக்குப்பையைக் கொண்டு வந்து 500 ரூபா எடுத்து நீட்டினா. 50 போதும் ஆச்சி எண்டு நான் சொல்ல, "மற்றவை எவ்வளவு போடுகினம்?" எண்டு கேட்டா. நான் வாயைப் பொத்திக்கொண்டு வாங்கினன். கையெழுத்துக்கு விரல் வச்சாலும் காணும் எண்டு மற்ற அக்கா சொல்ல, தனக்கு எழுதத் தெரியும் எண்டு பேனையை வாங்கி, கண் தெரியாம கொப்பியை மூக்குக்குக் கிட்டப் பிடிச்சுக்கொண்டு தன்ர முழுப் பேரையும் எழுதினா. 24ஆம் ஆள். அந்தப் பக்கத்தில மா ஒட்டினபடி கிடக்கு.

லென்ஸ் நேற்று வாங்கியாச்சு. வாற செவ்வாய் ஒப்பரேசன், நானும் அந்த அக்காவும் கூடப் போறம், விடிய 5 மணிக்கு வெளிக்கிடோணும். அண்டைக்கு கடையளுக்கு இடியப்பம் குடுக்கிறதை எதிர்வீட்டுப் பிள்ளை பாக்கிறன் எண்டிருக்கிறா.

வெள்ளவத்தை ஐயா, யாப்பு ரெண்டு பக்கம் எழுதியிருக்கிறன், பேரெல்லாம் மறைச்சுப்போட்டு இதில படமாப் போட்டா ஒருக்காப் பாத்துச் சொல்லுவீங்களோ? ஒராள் வீடு மாறிப் போனா அவர் போட்ட காசு என்னாகிறது எண்ட இடத்தில என்ன எழுதுறதெண்டு தெரியேல்ல.

வெள்ளவத்தை_ஓய்வுகாலம்:

போடும் பிள்ளை, இண்டிரவே பாக்கிறன். வீடு மாறினா போட்ட காசு திரும்பாது, ஆனா புது இடத்தில இருந்தும் தொடர்ந்து போட்டா அங்கத்தவர்தான், அப்பிடி எழுதும். போறவை எல்லாரும் காசைத் திருப்பிக் கேட்டா நிக்கிறவைக்கு ஒண்டும் மிஞ்சாது.